இரண்டாவது ட்றாக்கை அழிக்காதே

மரியே துணை

ஊர்காவற்றுறை
12.08.2007

அன்பு மகள் ஜெயந்தாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இந்த ஊரில் இருக்கக்கூடிய அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் பாரிஸில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. பதிலைத் தபாலில் போடவில்லை, கண் ஒப்பரேசனுக்காகக் கப்பலில் கொழும்புக்குப் போகிற மரியநாயகம் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் அங்கிருந்து அனுப்புவார். ஆனபடியால் மனதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

வீட்டு அறையில் ஸ்ரூடியோ போடப் போகிறோம், பாட்டுப் பதிய எந்தக் கொம்பியூட்டர் புறோகிறாம் வாங்கலாம், தம்பி றெக்ஷன் எதைப் பாவித்தவன் என்று கேட்டிருந்தாய். கடைக்காரன் காட்டுகிற விலை கூடியதை வாங்காதே. தம்பி முதலில் பாவித்தது ஒரு மாதம் ஓசியில் ஓடிற்று, பிறகு பாட்டைத் திறக்கும், சேமிக்க விடாது, காசு கட்டு என்று சொல்லும். அதை எறிந்துவிட்டு இன்ரநெற்றில் சும்மா கிடைக்கிற ஒன்றை எடுத்தான். இருபது வருடம் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவன் சொல்கிறேன், ஒருவர் பாடியதைக் கேட்டபடி இன்னொருவர் பாடினால் அது வேறு ட்றாக்கில் தனியாக விழவேண்டும், இரண்டும் பிந்தாமல் ஒட்டி ஓடவேண்டும், பிறகு ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வெளியே எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். இவ்வளவும் செய்தால் போதும், மிச்சமெல்லாம் சோடனை. காசை நல்ல மைக்குக்குச் செலவழி. தம்பிக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று உனக்குத் தெரியும், கோயிலில் பாடுகிற கொயர்காரர் பத்துப்பேர் ஓர் இடத்தில் கூடினால் நேவி முகாமில் இருந்து வந்து வாசலில் நிற்பார்கள். ஒவ்வொருவராகப் பகலில் வந்து பாடிவிட்டுப் போகட்டும், பிறகு கொம்பியூட்டருக்குள் கூட்டம் கூடுவோம், அதுக்கு ஊரடங்கு இல்லைத்தானே என்று சிரிப்பான்.

அவன் அந்தோனியார் பாட்டில் தன்னுடைய வரிகளை மட்டும் பாடி, கொயர் பதில் பாட இடம் விட்டுப் பதிந்து வைத்திருந்தான். பதில் வரியை இன்னும் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியாக யாழ்ப்பாணம் போன அன்று விடிய, குசினியில் தேத்தண்ணி குடித்தபடி, "அம்மா, பதில் வரி மேல போய் முடியிறது சரியில்லை, கீழ இறங்கினாத்தான் வடிவு" என்று மெட்டை முனகிக் காட்டினானாம். கேட்டது அம்மா மட்டும். ஹெட்போனில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, புதிது வாங்கத்தான் போனான். மத்தியானம் திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் அவனைப் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள். பஸ் நிறையச் சனம் கண்டது, வாய் திறக்க ஒருவரும் இல்லை. முகாமில் அப்படி ஒருவரையும் தாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள்.

நீ அந்தப் பாட்டை அனுப்பச் சொல்லிக் கேட்கிறாய். இடைவெளிகளில் உங்கள் கொயர் பாடும், அவன் படத்தைப் போட்டு நினைவு சீடீயாக வெளியிடுவோம் என்று எழுதியிருக்கிறாய். பின்பக்கத்தில் உங்கள் சங்கத் தலைவரின் படமும் வருமாக்கும். அவன் செத்துப்போனான் என்று எனக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை, உங்களுக்கு யார் சொன்னது? கோபிக்காதே, மேலே வாசி.

அந்தப் பாட்டைப் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அவன் ஒரு வரி பாடுவான், பிறகு பேசாமல் இருப்பான். மூச்சு விடுவது கேட்கும், கதிரை மெல்லக் கிறீச்சிடும், பதிலுக்குக் காத்திருப்பான். பதில் வந்ததுபோல அடுத்த வரியைத் தொடங்குவான். தொடக்கத்தில் அம்மா அழுதாள், பிறகு அந்த இடைவெளிகளில் கதைக்கத் தொடங்கிவிட்டாள். "ஓம் ராசா" என்பாள், "கொஞ்சம் பொறன்ரா, சோறு வடிக்கிறன்" என்பாள், அவள் சொல்லி முடிக்க அவன் பாடுவான். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு மாக்கிறேற் ஒருநாள் வேலியால் எட்டி, "அக்கா, றெக்ஷன் வந்திட்டானே? ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ? எனக்காவது சொல்லுங்கோவன்" என்று கேட்டாள். "ஓமடி, வந்து பாடுறான், சாப்பிடத்தான் மாட்டனாம்" என்று இவள் சொல்லிவிட்டாள். மாக்கிறேற் காட்டிக் கொடுத்தாள் என்று சொல்லமாட்டேன், கிணற்றடிக் கதைக்கு முகாம் தூரமில்லை.

போன செவ்வாய் காலமை கரண்ட் வந்திருந்த நேரம், உன் கேள்விக்காகத்தான், அந்தப் புறோகிறாம் பிந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் பாட்டை ஸ்பீக்கர் பொக்ஸில் விட்டு, இடைவெளிகளில் மேசையில் தட்டி, அதை மைக்கால் இரண்டாவது ட்றாக்கில் பதிந்துகொண்டிருந்தேன். முகாமில் இருந்து நாலு பேர் துவக்கோடு வீட்டுக்குள் வந்தார்கள், நான் எழும்பி அறைக்கு வெளியே வந்தேன். பெரியவன் அரைகுறைத் தமிழில், "பாடுறவன் எங்க? மகனைக் கூப்பிடு" என்றான். பிடிக்கவே இல்லை என்ற ஆளைத் தேடி வந்திருக்கிறார்கள் பார். அம்மா அசையவில்லை, "நீங்கள்தானே கொண்டு போனது, நீங்களே கூப்பிடுங்கோ" என்றாள். அந்த நேரம் அறைக்குள் இருந்து தம்பி பாடினான், நாலு துவக்கும் அறைப் பக்கம் திரும்பின. உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் கதிரையும் கொம்பியூட்டரும். பெரியவன் சிரித்தான். தம்பி வரியை முடித்து நிறுத்தினான். அறை வாசலில் நின்ற இளையவன், றெக்ஷனின் வயதுதான் இருக்கும், எங்கேயோ பார்த்தபடி அந்த இடைவெளியில் ஒரு மெட்டை முனகினான். முனகல் கீழே இறங்கி முடிந்தது. முடிந்த கையோடு தம்பி அடுத்த வரியைத் தொடங்கினான். பெரியவன் திரும்பி இளையவனைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். தங்கள் பாஷையில் ஏதோ உறுக்கி அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள், வீட்டைச் சோதிக்கக்கூட இல்லை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அம்மாதான் சுவரைப் பிடித்தபடி, "அவனுக்கு எப்பிடித் தெரியும், அவனுக்கு எப்பிடித் தெரியும்" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கீழே இறங்குகிற அந்த முடிவு அன்று விடியத்தான் பிறந்தது, மத்தியானம் பிள்ளையைப் பிடித்தார்கள். எங்கேயோ ஓர் அறையில் இருந்து தன் வரியையும் பதில் வரியையும் அவனே பாடியிருக்கிறான். எத்தனை தரம் கேட்டிருந்தால் ஒரு காவல்காரனின் வாயில் அது தானாக வரும்?

நான் மைக்கை நிறுத்தவில்லை, பிள்ளை. நிறுத்தத் துணிவு வரவில்லை. எல்லாம் இரண்டாவது ட்றாக்கில் கிடக்கிறது. இரண்டையும் தொடக்கத்தில் இருந்து தனித்தனிக் கோப்பாக எடுத்து, திருநாள் பாட்டுகளுக்கு நடுவே ஒரு சீடீயில் அடித்து இதோடு அனுப்புகிறேன். இரண்டையும் ஒரே இடத்தில் தொடங்கவிட்டுக் கேள். சேர்த்து ஒன்றாக்காதே. இரைச்சல் நீக்குகிற வேலை ஒன்றும் செய்யாதே, இரண்டாவதில் பின்னால் மெல்லியதாகத் தம்பியின் பாட்டும் விழுந்திருக்கிறது, அந்த முனகல் அவனுக்குப் பதிலாக வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இடைவெளிகளில் யாரையும் பாடவிடாதே. சங்கத்துக்கும் வானொலிக்கும் கொடுத்துவிடாதே, அவர்களுக்கு ஒருநாள் செய்தி, இங்கே அவன் உயிரோடு இருந்தால் முகாம்காரர் அதோடு அவனை முடித்துவிடுவார்கள். நேரே ஒரு நல்ல வக்கீலிடம் கொண்டு போ. அந்த முனகின பெடியனையும் யோசித்துப் பார்த்தேன், இரக்கம் வரவில்லை. அவன் தம்பியின் குரலைக் கடைசியாக எப்போது கேட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியவேண்டும்.

அம்மா இப்போது இடைவெளியில் ஒன்றும் கதைப்பதில்லை. பாட்டைப் போடச் சொல்வாள், அவன் முதல் வரியைப் பாடி நிறுத்தியதும் யன்னலைத் திறந்து முகாம் பக்கம் காது கொடுத்துக்கொண்டு நிற்பாள். நேற்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, மருமகனோடு சண்டை பிடிக்காதே. அந்தோனியார் உங்கள் இருவரையும் காத்து ஆசீர்வதிக்கட்டும். போனில் பாட்டைப் பற்றி மூச்சும் விடாதே, வக்கீலிடம் சீடீ போய்ச் சேர்ந்ததும் தம்பிக்கு ஹெட்போன் வாங்கியாச்சு என்று மட்டும் சொல். எங்களுக்கு விளங்கும்.

இப்படிக்கு
அன்பு அப்பா
ம. கிறிஸ்தோப்பர்