ஹாக்கி அழித்த பதினோரு நிமிடம்

டிசம்பர் 14

அன்பு மகள் இங்கிரிட்டுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நாய்க்கும் ஒரு குறையுமில்லை, அங்கே நீ சுகமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னோடு ஃபோனில் பேசி முடித்துவிட்டு வரும் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். மூன்று வருடமாக இப்படித்தான் உன் சேதி எனக்கு வருகிறது. ஏரி போன வாரமே உறைந்துவிட்டது, பனிக்கட்டி நாலு அங்குலக் கனம்கூட இல்லை, அதற்குள் என் சிநேகிதன் ஆர்வில் தன் மீன்பிடிக் குடிசையை இழுத்துக்கொண்டுபோய் நடு ஏரியில் வைத்துவிட்டான், இந்த வருடமும் அவனைத் தண்ணீரிலிருந்து கயிறு கட்டித்தான் தூக்கப்போகிறோம். தேவாலய விருந்துக்கு உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது, கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எழுதிய அந்தக் கார்ட்டூன் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டேன். "அப்பாகிட்ட மூச்சு விடாதம்மா, மனசு ஒடிஞ்சுபோயிடுவார்" என்று நீ சொன்னாயாம், அவளும் மூச்சு விடவில்லை, ஆனால் இந்த ஊருக்கு வாய் இருக்கிறதே. திங்கட்கிழமை காலை காபிக் கடைக்குள் நுழைந்ததும் ஆர்வில் எழுந்து நின்று கைதட்டி, "ஏண்டா ஹால்வர், உன் பொண்ணு உன்னைத்தானடா டிவியில போட்டிருக்கா, காது மூடுற குல்லாயும் தொப்பையும் அச்சு அசலா இருக்கு, முடியை மட்டும் கொஞ்சம் தாராளமா வரைஞ்சிருக்கா" என்றான். கடையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது, காபியைக் குடிக்காமலே வந்துவிட்டேன். வீட்டில் உன் அம்மா, "பாத்துட்டுக் கத்தக் கூடாது, என்மேல சத்தியம் பண்ணுங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அதைப் போட்டாள்.

நம் வீட்டுப் படத்தையே எடுத்துக் கேலி செய்திருக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நாம் தவறாமல் பார்ப்போமே, அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம், கோபக்கார ஸ்டேஷன் மாஸ்டர், சண்டை போட்டுக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விட்ட மகன், பண்டிகைக்கு முந்தின நாள் மகன் வருவான் என்று நம்பியிருந்த ரயில் பனிப்புயலில் வழியில் நின்றுவிட, கிழவர் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோரமாக நடக்கிறார். உன் கார்ட்டூனில் குல்லாய்க்காரன் தன் குட்டிப்பெண்ணோடு அந்தப் படத்தை டிவியில் பார்க்கிறான், அதில் கிழவர் விளக்கோடு நடக்கிறார், வயலின் அழுகிறது, திடீரென்று கோல் விழுந்த சங்கு ஊதி, நாலு ஐஸ் ஹாக்கிக்காரர்கள் தண்டவாளத்தைக் குறுக்கே சறுக்கிக்கொண்டு போகிறார்கள், வர்ணனைக்காரன் தொண்டை கிழியக் கத்துகிறான். பார்த்தவர்களெல்லாம் இதென்ன கிறுக்குத்தனம் என்று சிரித்திருப்பார்கள். அது கிறுக்குத்தனம் இல்லை என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். உனக்கு ஆறு வயதாக இருந்தபோது நம் ஊர்ப் பள்ளிக்கூட அணி மாநிலப் போட்டிக்குப் போனதே, அந்த ஆட்டத்தைப் பதிவு செய்யும் அவசரத்தில் கையில் கிடைத்த டேப்பைப் போட்டேன், அது அந்தப் படம் இருந்த டேப், படத்தின் கடைசிப் பதினோரு நிமிடம் அழிந்துபோயிற்று. அன்றிலிருந்து நம் வீட்டில் கிழவர் பனிக்குள் நடந்தால் அடுத்து கோல்தான், நீயும் அந்த இடத்தில் சோபாமேல் ஏறிக் குதிப்பாய். ஆட்டத்திலும் தோற்றுத்தான் போனார்கள், அது வேறு.

நான் சத்தியத்தை மீறாமல் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன் இங்கிரிட், உண்மையாகவே சிரித்தேன், உன் அம்மாவைக் கேள். பிறகு உன் குல்லாய்க்காரன் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நின்று முடிவைச் சொல்கிறான், "அப்புறம் என்ன, மகன் தானாவே பனியில நடந்து வந்து கதவைத் தட்டினான், தப்பு என்மேலதான்ப்பான்னு சொன்னான், எல்லாரும் ஆப்பிள் பை சாப்பிட்டாங்க, போய்ப் படுங்க." ஒரு சொல் மாறாமல் நான் வருடாவருடம் சொன்னது. அந்தக் குட்டிப்பெண் அவனை நிமிர்ந்து பார்த்து, "நெஜமாவே அப்படித்தான் முடியுதாப்பா?" என்று கேட்கிறது. அவன் ஃபிரிட்ஜைத் திறந்து ஆப்பிள் பையை எடுத்துத் தின்கிறான். அங்கே என் சிரிப்பு நின்றுவிட்டது. படத்தை நீ எப்போதோ முழுதாகப் பார்த்திருப்பாய், உன் பிழைப்பே அதுதானே. அந்தக் கேள்வி ஊருக்கு இல்லை, எனக்கு.

அப்படி முடியாது, மகளே. நான் ஒன்பது வயதில் என் அப்பாவோடு நம் ஊர் தியேட்டரில் பார்த்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகன் அந்த ரயிலிலேயே இல்லை. கிழவர் பனி ஒதுக்கும்வரை காத்திருந்து, அதே ரயிலில் ஏறிப் பட்டணத்துக்குப் போகிறார், மாடிப்படி ஏறி மகனுடைய கதவைத் தட்டுகிறார், தப்பு என்மேலதான் என்று சொல்வது அவர்தான். பெற்றவன் போய்ப் பிள்ளையின் வாசலில் நிற்பதா என்று எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஹாக்கி அதை அழித்ததும் வசதியாகப் போயிற்று, எனக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன் விருந்துச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் "பொம்மைப் படத்துக்கு வசனம் எழுதறதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்டேன், நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். அன்றிலிருந்து நான் சொன்ன கதைப்படி நீயே வந்து கதவைத் தட்டுவாய் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

விமானத்தில் நான் ஏறமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இருபதாம் தேதி செயின்ட் பாலில் ரயில் ஏறுகிறோம், சிகாகோவில் ஒரு நாள் தங்கி, இருபத்துமூன்று காலை லாஸ் ஏஞ்சல்ஸ். உன் அம்மா இப்போதே லெஃப்ஸா ரொட்டி சுட ஆரம்பித்துவிட்டாள், மூன்று நாள் பயணத்தில் முக்கால்வாசி நானே தின்றுவிடுவேன் என்று பயந்து எனக்குத் தனியாக ஒரு டப்பா. காரில் பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போக விடாதே, வெயில் ஊர் என்று ஸ்வெட்டர் இல்லாமல் திரியாதே. நாங்கள் பிரார்த்திக்காத நாள் இல்லை, கடவுள் உன் கையையும் பேனாவையும் காப்பாராக.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஸ்டேஷனுக்கு வராதே, வீட்டிலேயே இரு, கதவைத் தட்டினால் திற. நீ ஒன்றும் பேச வேண்டாம், முதல் வசனம் என்னுடையது.

உன் அப்பா,
ஹால்வர்