பழைய மைக்ரோஸ்கோப்பை நீ துடைத்த நாள்

நேற்று கண்ணாடிக் கடையில் ஒரு பெண் என் புது மூக்குக் கண்ணாடியைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துக் கொடுத்தாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் பிடுங்கியிருப்பாய். "மொத ஊதணும். தூசியோட தொடச்சா கீறிரும்லா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அந்தச் சொல் எனக்குப் பிடித்ததே இல்லை. ஏனென்று இன்று சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் நாம் இருவர்தான். நான் உனக்கு ஓராண்டு மூத்தவள். பயிற்சியில் முதலாவதாகத் தேறியவள். நீ இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வந்து போனாய். இரண்டு கண்ணாலும் பார்க்கும் புது மைக்ரோஸ்கோப் வந்தபோது டாக்டரம்மா அதன் பெட்டிச் சாவியை உன்னிடம் கொடுத்தார். "அவளுக்குக் கை பதனம்" என்றார். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பழையது எனக்கு வந்தது.

அன்றிலிருந்து நான் அதைத் துடைக்கவில்லை. நீ சாயங்காலந்தோறும், ஸ்லைடில் விட்டுப் பார்க்கிற எண்ணெய் லென்ஸில் ஒட்டியிருப்பதை ஒற்றி எடுத்து, நைந்த பருத்தித் துணியில் எண்ணெயைக் கரைக்கும் சைலீன் ஒரே ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றித் துடைத்து, உறை போட்டு மூடுவாய். நான் எண்ணெயோடு அப்படியே போட்டுவிட்டுப் போவேன். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி வந்து அதன்மேல் அப்பிக்கொண்டது. புதுசு உனக்கென்றால் அழுக்கு எனக்கு இருக்கட்டும் என்று ஒரு வீம்பு.

மணியாச்சியில் தண்டவாள வேலை பார்த்த இளைஞர் ஒருவர் இருமலோடு வந்தார். அவருடைய சளியை நான்தான் பார்த்தேன். காசநோய்க் கிருமி இல்லை என்று எழுதினேன். மூன்று வாரத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். டாக்டரம்மா அந்தப் பழைய ஸ்லைடை உன்னைப் பார்க்கச் சொன்னார். நீ பார்த்துவிட்டு, மெதுவாக, "ஏட்டி, இருக்கு" என்றாய்.

"புது மெஷின்ல பாத்தா யாருக்குத்தான் தெரியாது?" என்றேன்.

நீ எழுந்தாய். என் மேசைக்கு வந்தாய். ரப்பர் பந்தால் ஊதினாய். பிசினாகக் காய்ந்திருந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்தாய். துணி கறுத்தது. அடியிலிருந்த சிறு கண்ணாடியைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாய். அதே ஸ்லைடை வைத்து, "இப்பம் பாரு" என்றாய்.

நீலத் தரையில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகளாகக் கிருமிகள். தேடவே வேண்டியிருக்கவில்லை.

பதிவேட்டை என் பக்கம் தள்ளினாய். "நீயே திருத்தி எழுது. டாக்டரம்மாட்டயும் நீயே சொல்லு." சொன்னேன், திட்டு வாங்கினேன். ஒரு உயிர் போக இருந்ததே என்று அன்று நான் நடுங்கியிருக்க வேண்டும். எனக்கோ உன் விரல்கள் அந்த லென்ஸைத் தொட்ட விதம்தான் கண்ணில் நின்று எரிச்சலூட்டியது.

அவர் பிழைத்துக்கொண்டார். திருத்திய சீட்டில் என் கையெழுத்து இருந்ததால் என்னைத் தேடி வந்தார், ஒரு பை பாசிப்பயறோடு.

"நீங்க கண்டுபிடிக்கலன்னா நான் இல்ல தாயி."

நீ எதிரேதான் இருந்தாய். சிரித்தாய். நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு வருடாவருடம் அறுப்பு முடிந்ததும் பயறு வந்தது. பாதியை உனக்குக் கொடுப்பேன். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்வாய்.

நீ போன அன்று அவரும் இடைசெவலுக்கு வந்தார், நீ என் சிநேகிதி என்பதற்காக. உனக்கு மாலை போட்டுவிட்டு வாசலுக்கு வந்தவரிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, ஒங்க சீக்க நான் கண்டுபிடிக்கல. இல்லன்னு எழுதுனவ நானு. பாத்தது அவதான்."

அவர் திரும்ப உள்ளே போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உன் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார்.

நாற்பது வருடம் என் வீட்டுக்கு வந்து போனவர். ஒருநாளும் என் முன்னால் அப்படி நின்றதில்லை. அப்போதும் எனக்கு உன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது.