தண்ணீரில் அணையாத தீ

புனே
18.6.1999

அன்புள்ள பொன்மணிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறதா?

தீப்பெட்டி ஆபீசை விட்டுப் பட்டாசு ஆலைக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

போன வாரம் எங்கள் பட்டறையில் மெக்னீசியச் சீவல் தீப்பிடித்தது. ஊரில் கந்தகம் பற்றினால் தண்ணீர் ஊற்றித்தானே அணைப்போம்? அந்தப் பழக்கத்தில் வாளியோடு ஓடினேன். கூட வேலை பார்க்கும் கயத்தாறு நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி, "ஏலே, தண்ணி ஊத்தாத! மணலப் போடு!" என்று கத்தினார். அதற்குள் கொஞ்சம் ஊற்றிவிட்டேன். தீ வெள்ளை வெளிச்சத்தோடு கூரை வரை எழும்பியது. அண்ணாச்சி என்னைப் பின்னால் இழுத்துத் தள்ளிவிட்டு மணலைக் கொட்டினார்.

பிறகு சொன்னார்: "கந்தகம் தண்ணி பட்டா குளுந்து அணைஞ்சிரும். மெக்னீசியம், அலுமினியம்லாம் உலோகம்லா. எரியும்போது தண்ணிக்குள்ள இருக்க ஆக்சிஜனையே புடுங்கிக்கிடும். மிச்சம் வாற ஹைட்ரஜனும் சேந்து எரியும்."

எனக்கு வலது கையில் லேசான காயம்தான். இடது கையால் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

பட்டாசு ஆலையில் அலுமினியப் பொடி புழங்குவார்கள். அங்கே மணல் வாளி இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி மட்டும்தானா? தெரியாமல் கால் வைக்காதே.

ஊரிலிருந்து யாராவது வந்தால் தேங்காய் எண்ணெயும் பாப்பாவின் போட்டோவும் கொடுத்துவிடு. பெரிய போட்டோ வேண்டாம், சட்டைப்பைக்குள் அடங்கினால் போதும். அவள் இப்போது என்னென்ன பேசுகிறாள் என்றும் எழுது.

கடிதத்தைத் தபாலில் போட அண்ணாச்சி வாசலில் நிற்கிறார். உடனே பதில் போடு. வேலைக்குப் போகவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதினால்கூடப் போதும்.

உன்
ஜெயபாண்டி