ஒட்டிய அன்னமும் வெட்டிய அன்னமும்

இன்று காலை வேலைச் சட்டைகளை ஊறவைக்க எடுத்தேன். ஒன்றின் பைக்குள் ஓர் அன்னம் ஒட்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தளவு, வெள்ளி நிறம், கழுத்து மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது. நீ வெட்டிவிட்டு, சரியில்லை என்று ஒதுக்கிய ஸ்டிக்கர்களில் ஒன்று. ஒதுக்கியதையெல்லாம் என் மேல்தான் ஒட்டுவாய். ஹெல்மெட்டின் பின்னால், காலரில், ஒருமுறை நான் அசந்து தூங்கியபோது நெற்றியில். எத்தனை முறை துவைத்த சட்டை இது! நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை.

ஸ்டிக்கர் நிற்காது என்று இந்தக் கிள்ளான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

நீ போய் ஐந்து மாதம். அழு, அழுதால் பாரம் குறையும் என்கிறார் உன் அண்ணன். வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், ஒரு டம்ளர் அரிசி போடுகிறேன். இரண்டு டம்ளர் போட்டுப் பழகிய கை அதற்கும் இப்போது பழகிவிட்டது. இன்று கல்யாணக்கார் அங்கிளைப் பார்த்துவிட்டு வந்தேன். அதை உனக்கு ஒழுங்காகச் சொல்லவேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் விளம்பரப் பலகைக் கடையில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தவள் நீ. நம் கல்யாணத்துக்குப் பிறகு, நான் வேலை செய்த கார்ச் சக்கர ரிம் கடையில் முதலாளி தவுக்கே உனக்கு வாசலோரம் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். கார் வாங்கியவர்கள் கம்பெனி ரிம்மைக் கழற்றிவிட்டு ஸ்போர்ட் ரிம் மாட்ட வருவார்கள். சக்கரத்தின் நடு மூடியில் அவர்கள் கேட்கும் சின்னத்தை வெட்டி ஒட்டுவது உன் வேலை. பின்கட்டில் செதுக்கும் மெஷினில் நான். யாராவது, "உன் வீட்டுக்காரரு என்னம்மா வேலை?" என்று கேட்டால் நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வாய்:

"எனக்கு ஒட்டு வேலை அங்கிள். அவருக்கு வெட்டி வேலை."

கடையே சிரிக்கும். எனக்குச் சுருக்கென்று இருக்கும். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தவனை வெட்டி வேலை என்கிறாளே என்று.

"வெட்டுற வேலையத்தானே வெட்டி வேலைன்னேன். அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்பாய்.

அந்தக் கோபத்தை நான் எங்கோ சேர்த்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அங்கிள் வந்த அன்று அப்படி முந்திக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் பண்டமாரானில் கல்யாணத்துக்குக் கார் விடுபவர். ஒரே ஒரு வெள்ளைக் கார். புது ரிம் வாங்கி, நாலிலும் அன்னம் வேண்டும் என்றார். நீ காகிதத்தில் வரைந்து காட்டினாய். கழுத்தின் வளைவைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. ஒன்றை வெட்டி நடு மூடியில் ஒட்டியும் காட்டினாய்.

"அழகா இருக்குமா. ஆனா மழைத்தண்ணி, கார் கழுவுற சோப்பு… போயிடாதுலா?"

நீ பதில் சொல்வதற்குள் நான் உள்ளேயிருந்து வந்தேன். "ஸ்டிக்கர்னா போகத்தான் செய்யும் அங்கிள். நான் ரிம்முலயே வெட்டித் தரேன். உங்க பேரப்பிள்ள காலத்துக்கும் நிக்கும்."

மூடி பிளாஸ்டிக். அதில் ஆழமாக வெட்ட முடியாது. ஆரக்கால் நடுவோடு சேரும் இடத்தில்தான் அலுமினியம் தடித்து, அன்னத்துக்கு இடம் விட்டிருந்தது. அங்கிள் தவுக்கேயிடம் பணம் கட்டப் போனதும், நீ ஒட்டிக் காட்டிய அன்னத்தை மூடியிலிருந்து நானே உரித்து, அந்த இடத்தில் வைத்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கிள் போனபின் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாய்.

"என்னங்க, ஜவுளிக்கடையில பாய் துணி கிழிக்கிறத பாத்திருக்கீங்களா? ஓரத்துல கத்தரிக்கோலால சின்னதா ஒரு வெட்டு வைப்பாரு. அப்புறம் இழுத்தா நேரா கிழிஞ்சிட்டுப் போயிடும். இதுல வெட்டு வச்சா…"

"இது அலுமினியம்மா. சேலை இல்ல."

பக்கத்திலிருந்த டயர் மாட்டும் ஆளும் சிரித்தான். நீ உன் மேசைக்குப் போய்விட்டாய்.

நீ சொன்னதைத்தான் எனக்கு முதல் வருடத்தில் பாடமாக நடத்தினார்கள். கூர்மையான வெட்டு இருக்கும் இடத்தில் விசை குவியும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். படம் போட்டு எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். படிக்காத நீ துணியிலிருந்து கண்டுபிடித்தாய். படித்த நான் அலுமினியத்தில் நாலு அன்னத்தை அடி கூராக, ஆழமாக வெட்டினேன்.

ஏழு மாதம் தாங்கியது. டெங்கில் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்போது முன் சக்கரத்தில் ஒரு ஆரக்கால் பிளந்து வண்டி ஆடியிருக்கிறது. மெதுவாகப் போனதால் ஓரம் கட்டிவிட்டார். மறுநாள் அந்த ரிம்மைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"மாப்பிள்ள மாலையோட காய்கறி லோரில ஏறிப் போனாருலா! பக்கத்துல முட்டைக்கோசு மூட்டை! பொண்ணு வீட்டுக்காரன் என்னைக் கேட்டான் பாரு ஒரு கேள்வி!"

விரிசல் அன்னத்தின் கழுத்திலிருந்து தொடங்கியிருந்தது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தவுக்கே என்னைப் பார்த்தார். அங்கிள் என்னைப் பார்த்தார். நீ கையில் வெட்டுக்கத்தியோடு உன் மேசையருகில் நின்றுகொண்டிருந்தாய்.

"இடத்த இவதான் குறிச்சா அங்கிள்," என்று உன்னைக் காட்டினேன். "இந்த ஒண்ணுல கோடு தப்பா விழுந்திருக்கு. நான் கோட்டு மேலதான் வெட்டினேன். மத்த மூணும் சரியாத்தான் இருக்கு."

எவ்வளவு சுத்தமாக வந்தது அந்தப் பொய்! யோசிக்கக்கூட இல்லை.

அங்கிள் உன் பக்கம் திரும்பினார். "வேலை தெரியாட்டி ஏம்மா கை வைக்கிற? உயிரு போயிருந்தா?" தவுக்கே மலாயில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஸ்டிக்கர் வேலை இனிமேல் இங்கே வேண்டாம் என்றார். நீ கத்தியை உறைக்குள் போட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அகப்பட்டிருப்பேன். நீ சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது பின்னாலிருந்து ஏதாவது வரும் என்று முதுகை இறுக்கிக்கொண்டே ஓட்டினேன். பாதி வழியில் சொன்னாய்: "வீட்ல பால் இல்ல. கடையில நிப்பாட்டுங்க."

அவ்வளவுதான். அதன் பிறகும் உன் மேல் நான் போட்ட பழியைப் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. சோறு போடும்போது, துணி மடிக்கும்போது: "மத்த மூணையும் போய்ப் பாத்தீங்களா?" பார்க்கிறேன் என்பேன். பார்க்கப் போனால் ஏன் என்று அங்கிள் கேட்பார். "பொண்ணு மாப்பிள்ள உக்காந்து போற வண்டிங்க அது," என்பாய். அடுத்த வாரம் என்பேன். டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மூன்றாம் நாளும், உதடு காய்ந்திருக்க, "அங்கிள் வண்டி…" என்று ஆரம்பித்தாய். "பாத்துட்டேன்மா. நல்லா இருக்கு," என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் நீ பேசவில்லை. அதற்கு மறுநாள் நீ இல்லை.

உன்னிடம் நான் கடைசியாகச் சொன்ன பொய் அது.

இன்று அந்தச் சட்டையை வாளியிலேயே விட்டுவிட்டு, ஒரு போத்தலில் மண்ணெண்ணெயும் இரண்டு சாக்குக்கட்டியும் எடுத்துக்கொண்டு பண்டமாரானுக்குப் போனேன். அங்கிள் காருக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் ரிசெப்ஷனாம்.

"என்ன தம்பி, எங்க இந்தப் பக்கம்?"

"ரிம்ம ஒரு தடவ பாக்கணும் அங்கிள்."

அன்னங்களின் மேல் மண்ணெண்ணெய் தடவினேன். சற்று ஊறவிட்டுத் துடைத்தேன். சாக்குக்கட்டியைப் பொடித்துத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து பொடியை நனைக்கும். அங்கிள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சக்கரத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில், வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஓர் ஈரக் கோடு, கழுத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கியது. மூன்றாவதிலும்.

அங்கிள் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ரிப்பனை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அந்தப் புள்ள இந்த ரெண்டுலயும் தப்பா குறிச்சிருச்சா?"

"அவ தப்பா குறிக்கல அங்கிள். மூடியிலதான் ஒட்டினா. இடத்த மாத்தினது நான். வெட்டினதும் நான். வேணாம்னுதான் அவ சொன்னா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ரிப்பனைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து உள்ளே போய் யாருக்கோ போன் செய்து வேறு வண்டி ஏற்பாடு பண்ணினார். மூன்று ரிம்மையும் நானே கழற்றினேன். தவுக்கேயிடம் நாளைக் காலை கடை திறந்ததும் சொல்வேன். கிளம்பும்போது அங்கிள் கேட் வரை வந்தார்.

"உன்கிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா அந்தப் புள்ளைய எல்லார் முன்னாடியும் திட்டிட்டேனே. வாயத் தொறக்கலியே அது! வீட்டுக்குப் போனதும் சொல்லு, அங்கிளுக்கு அது மேல கோவம் இல்லன்னு. ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா, சாப்பிட."

நீ இல்லாதது அவருக்குத் தெரியாது. வெட்டினது நான் என்று சொல்ல முடிந்த வாய்க்கு இதைச் சொல்ல வரவில்லை.

"சொல்றேன் அங்கிள்," என்றேன்.

சொல்கிறேன். மூன்றையும் பார்த்துவிட்டேன், இந்த முறை நிஜமாகவே. இரண்டில் விரிசல் இருந்தது. மூன்றையும் கழற்றியாகிவிட்டது. அங்கிளுக்கு உன் மேல் கோபம் இல்லையாம். சாப்பிட வரச் சொன்னார்.