வீட்டுப் பெயரும் இரண்டு கட்டைகளும்

மார்ச் 4
பெயர்ப் பலகைக் குழுவிலிருந்து டார்யா வந்தாள். ஒவ்வொரு வீட்டின் பழைய பெயரையும் சுட்ட களிமண் பலகையில் எழுதிச் சுவரில் பதிக்கிறார்கள். சிரில் வீட்டில் ‘கொல்லன் வீடு’ என்று பதித்தாகிவிட்டது. என் வீட்டுக்கு ‘பீப்பாய்க்காரர் வீடு’ என்றேன். அவள் பேனாவை எடுக்கவில்லை.

“பெரியவரே, ஸோஃப்கா அம்மா வேற மாதிரி சொல்றாங்க. காயடிக்கிறவர் வீடுன்னுதான் அந்தக் காலத்துல கூப்பிடுவாங்களாம்.”

ஸோஃப்காவுக்குத் தொண்ணூறு வயது. நேற்றுத் தின்றது நினைவிருக்குமா? என் தாத்தா பீப்பாய் செய்தவர். அப்பா சொல்லியிருக்கிறார். ஊர் ஊராகப் போய் பன்றிக்கும் குதிரைக்கும் காயடித்தவர் என்று என் சுவரில் எழுதுவார்களாம். ஆதாரம் காட்டட்டுமா என்றேன். காட்டுங்கள் என்றாள்.

மார்ச் 5
பரணிலிருந்து தாத்தாவின் பெட்டியை இறக்கினேன். இழைப்புக் கத்தி ஒன்று. அது எந்த வீட்டிலும் இருக்கும். நுனி வளைந்த சின்னக் கத்தி ஒன்று. அப்புறம் இந்தக் கட்டைகள். ஒரு கொம்பை நெடுக்காகப் பிளந்தது போல இரண்டு பாதி. ஒரு முனை கயிற்றால் பிணைத்திருக்கிறது. தட்டையான உள்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம்.

இந்தப் பள்ளத்தாக்கில் யார் பரணில் என்ன கிடைத்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் யாரிடமும் படித்ததில்லை. தேய்மானத்தைத் தொட்டுப் பார்த்தே இது இன்னது என்பேன். சொன்னதை மாற்றியதும் இல்லை. என் வீட்டுக் கட்டை மட்டும் பிடிபடவில்லை.

மார்ச் 9
பிடிபட்டது. பீப்பாய்க்கு வளையம் கட்டும் வில்லோ மரக் கொப்பைப் பட்டை உரிக்க. வேறென்ன?

கொப்புகளை வெட்டிவந்து கட்டைகளுக்கு நடுவே வைத்து இழுத்தேன். உரியவில்லை. நனைத்து இழுத்தேன். என் விரல்தான் உரிந்தது. தங்கை நேஷா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணா, வாங்குற ஆள் இருந்தா உன் தோலையே வித்துடலாம்.”

மார்ச் 10
இன்றும் உரியவில்லை. கொப்பு சரியில்லை.

மார்ச் 17
பூசை முடிந்து கட்டைகளைச் சாராயக் கடைக்கு எடுத்துப்போனேன். போயிருக்கக் கூடாது.

“வால்நட் உடைக்கிறதுடா இது,” என்றான் சிரில். கடைக்காரன், “தொத்திறைச்சி பிதுக்குறது” என்றான். சிரில் விடவில்லை. “இல்ல, இவன் வாயை மூடி வைக்கத்தான் தாத்தா செஞ்சு வச்சிட்டுப் போயிருக்காரு.”

மூலையில் ஸோஃப்கா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கட்டைகளை வாங்கினாள். ஒரு தடவை திறந்து மூடினாள். “உங்க வீட்டுதுதான்,” என்று திருப்பித் தந்துவிட்டாள். மீதிக் காப்பியைக் குடிக்கப் போய்விட்டாள்.

எதற்கானது என்று நான் கேட்கவில்லை. அவளிடம் போய்க் கேட்பேனா?

ஏப்ரல் 2
சிரிலின் ஆண் குட்டிக் குதிரைக்கு இன்று காயடித்தார்கள். மயக்க ஊசி போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தலையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருந்தான். கால்நடை மருத்துவர் பையிலிருந்து ஓர் இடுக்கியை எடுத்தார். இரும்பு, பளபளப்பு, என் கட்டைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இடுக்கியின் இரண்டு கரங்களையும் விரித்து, நடுவே விதை நரம்பைக் கொடுத்து, மூடி, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார் பாருங்கள் —

ஸோஃப்காவின் கை இப்படித்தான் மூடியது.

கொடுத்த சாராயத்தைத் தொடாமல் வந்துவிட்டேன். ஆணியால் பள்ளத்தைச் சுரண்டினேன். அடியில் நீலப் பொருக்கு. மயில்துத்தம். புண்ணைத் தீய்க்கப் பூசியிருப்பார். கயிறில்லாத முனையிலும், இறுக்கி மூடிக் கட்டித் தேய்ந்த தடம் இருக்கிறது. இத்தனை நாளும் என் கண் எங்கே போயிற்று? பீப்பாய்க்கு மயில்துத்தம் எதற்கு?

ஏப்ரல் 3
அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்வார்கள் என்றா? அதற்காக எழுபது வயது வரைக்குமா ஒரு மனுசனை நம்ப விடுவார்கள்?

ஏப்ரல் 8
டார்யா போன் செய்தாள். “ஜெயிச்சுட்டீங்க பெரியவரே. உங்க போன் தாங்காம பீப்பாய்க்காரர்னே பலகை சுட்டாச்சு.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது. தெரிந்தவள் ஸோஃப்கா ஒருத்தி. அவளும் பேசவில்லை. ஆனால் என் வீட்டுக் கருவிக்கே தெரிந்து பொய்ப் பெயர் வைத்தால், ஊரார் கருவிகளுக்கு நான் சொன்ன பெயரெல்லாம் என்ன ஆவது?

“பலகை தப்பு. காயடிக்கிறவர் வீடு. மறுபடி சுடுங்க.”

“ஒரு மாசமா எங்க உயிரை எடுத்தது நீங்கதானே?”

“இன்னும் விடலையே. மாத்துங்க.”

மே 20
பலகை வந்தது. நேஷா ஏணியைப் பிடிக்க மாட்டேன் என்றாள். “ஊரே சிரிக்கும், அண்ணா.” சிரிக்கட்டும். யார் என்ன சொன்னால் என்ன திருப்பிக் கொடுப்பது என்று ஆளுக்கொரு பதில் தயாராக வைத்திருந்தேன். தனியாகவே ஏறிப் பதித்தேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

தபால்காரி படித்துவிட்டுக் கடிதத்தைக் கொடுத்தாள். ஸோஃப்காவின் மகள் தலையசைத்துவிட்டுப் போனாள். சிரில் டிராக்டரை நிறுத்தினான். இப்போது வரும் என்று எழுந்து நின்றேன்.

“என்ன சிரில்?”

“என்னத்த? எங்கப்பன் உன் வீட்டை இப்படித்தான் சொல்லுவான். பலகை கோணலா இருக்கு, வலது பக்கம் கொஞ்சம் தூக்கு.”

போய்விட்டான். சாயங்காலம் வரை யாரும் சிரிக்கவில்லை.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். கோணல் இல்லை.