கணக்கில் கழித்த மகள்

அன்புள்ள சிட்டு,

அப்பா நலம். படியேறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது, மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். உன் அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை, தையல் மிஷினை நிறுத்தினால் காது அடைத்த மாதிரி இருக்கிறது, அதனால் வேலை இல்லாத நாளிலும் பழைய துணியை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ படித்த அரசுத் தொழிற்கல்லூரியை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. போன மாதம் கல்வித் துறை அதிகாரி வந்து கல்லூரி ஹாலில் கூட்டம் போட்டார், நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் பேசினார். "அரசாங்கம் செலவு பண்ணிப் படிக்க வைக்குது, படிச்சு முடிச்சதும் பிளேன் ஏறிடறாங்க, நாட்டுக்கு என்னங்க மிச்சம்?" என்றார். பக்கத்திலிருந்த பால்காரர் சும்மா இராமல், "இதோ, இவர் பொண்ணும் வெளிநாட்டுலதான்" என்று என்னை மாட்டிவிட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. பொண்ணு திரும்பி வருவாங்களா ஐயா என்று அதிகாரி கேட்டார்.

வருவாள் என்று சொல்லத்தான் எழுந்தேன். கூட்டத்துக்கும் அதுதான் பிடித்திருக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு. "வரமாட்டா சார். அவளைக் கணக்குல கழிச்சுடுங்க. அவகூடப் படிச்ச மத்தவங்க இங்கதான் இருக்காங்க, அவங்களை நம்பித்தான் பம்பு கம்பெனியே இந்த ஊருக்கு வந்துச்சு. அது வந்ததாலதான் எனக்கு யூனிஃபார்ம் தைக்கிற வேலை, இவருக்குப் பால் வியாபாரம். காலேஜை மூடிட்டா அடுத்த கம்பெனி யாரை நம்பி வரும்?" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியை மூடவில்லையாம், பட்டறைக்குப் புது மிஷின்களும் வாங்கித் தருகிறார்களாம், நேற்று பேப்பரில் வந்தது. தைக்கக் கொடுக்க வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. நீ வரமாட்டாய் என்பது தெரியாமல் இல்லை, ஆனால் அன்றைக்கு வரை அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு வீட்டுக்குள் நுழையவே தயக்கமாக இருந்தது.

உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா. நல்ல வேலை, விட்டுவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளையிடம் சண்டை போடுவதென்றால் சாப்பிட்டுவிட்டுப் போடு. இரண்டு பேரும் நிறைவாக வாழ வேண்டும். நான் கூட்டத்தில் சொன்னது தப்பென்றால் பதில் எழுதாதே, ஃபோன் பண்ணிச் சொல். சரியென்றாலும் ஃபோன் பண்ணு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அப்பா