மஞ்சள் டப்பா கேப்புகள்

ஏப்ரல் 6

அக்டோபரிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கருமருந்துத் துப்பாக்கிச் சங்கத்தின் மாத இதழுக்கு எழுதப்போகிறேன். டெல்பர்ட்டின் விரல்கள் போனதற்கு லோவல் ஸ்டாம்பர்தான் காரணம். கீழே என் முழுப்பெயரும் இருக்கும்.

எங்கள் ரிவால்வர்களுக்குத் தோட்டா கிடையாது. உருளையின் ஆறு அறைகளிலும் கருமருந்தும் ஈயக் குண்டும் நாமே நிரப்பி, ஒவ்வொரு அறையின் வாயிலும் கிரீஸ் பூசி, பின்னால் உள்ள காம்புகளில், சுத்தியல் அடித்தால் தீப்பொறி தரும் செப்புக் கேப்புகளை மாட்ட வேண்டும். கிரீஸ் இல்லையென்றால் ஒரு அறையின் தீ அடுத்ததற்குத் தாவும். வரிசையில் நடந்து ஒவ்வொரு வாயையும் பார்ப்பது சுடுதளத் தலைவன் லோவலின் வேலை. அன்று டோனட் தின்றுகொண்டே நடந்தான். டெல்பர்ட்டுக்கு அது முதல் போட்டி. விசையை ஒருமுறை இழுத்தான், மூன்று அறைகள் வெடித்தன. இடது கையில் ஒன்றரை விரல் போனது. பக்கத்து மேசையில் நின்று அவனுக்கு அதையும் இதையும் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். எல்லாம் பார்த்தேன்.

பள்ளியில் எனக்கு வரவேண்டிய தலைமை ஆசிரியர் நாற்காலி கால்பந்துக் கோச்சுக்குப் போனபோது பேசவில்லை. சங்கத் தேர்தலில் இரண்டு ஓட்டில் லோவல் என்னை ஜெயித்தபோது போய்க் கை குலுக்கினேன். எத்தனை முறை குலுக்குவது?

ஜூன் 14 அன்று அவனைப் பதவியிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு.

ஏப்ரல் 9

கடிதத்தின் வாதம் நிற்கவில்லை. "கிரீஸ் பாத்தேன், இருந்துச்சு" என்பதையே அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன் சொல்லுக்கு எதிராக என் சொல் மட்டும் போதாது. டெல்பர்ட் வைத்திருந்த அதே மாதிரியை வாங்கி, கிரீஸ் இல்லாமல் சுட்டுக் காட்டினால்?

ஏப்ரல் 17

பார்சல் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து மாதிரி, இத்தாலியில் செய்த நகல். வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் தபால்காரன். கையில் எடுத்தால் கனம் நன்றாக உட்காருகிறது. நீளமான குழல். மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இது வெறும் சோதனைக்குத்தான். அப்படியா?

ஏப்ரல் 20

சங்கத்தில் முதல்முறை சுட்டேன். புகை, அழுகிய முட்டை நாற்றம். முதல் குண்டு பலகையிலேயே படவில்லை.

லோவல் வந்தான். "வாத்தியாரே, பேனாவோட நிறுத்திக்குவீங்கன்னு நெனச்சேன்."

"ஏன், குறி தப்பும்னு பயமா?"

"உங்க குறிக்கா? நீங்க குறி வச்ச எடத்துல நின்னாத்தான் எனக்குப் பத்திரம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் சிரிக்காமல் குனிந்து, டார்ச் அடித்து, ஆறு வாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு உருளையைத் திருப்பி, கேப்புகளையும் விரலால் அசைத்துப் பார்த்தான். ஆறு மாதம் கழித்து வந்திருக்கிறது அக்கறை.

மே 4

வீட்டுக்குப் பின்னால் பட்டறை மேசையில் ரிவால்வரை இறுக்கிக் கட்டி, விசைக்குக் கயிறு கட்டி, வண்டியின் மறைவில் உட்கார்ந்து இழுத்தேன். கிரீஸ் துளிகூட இல்லை. முப்பத்தாறு முறை.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு அறைதான் வெடித்தது.

சமையலறைத் தொட்டியில் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவினேன். தண்ணீர் கறுப்பாகிக்கொண்டே இருந்தது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

மே 11

கேப் தீர்ந்துவிட்டது. ஞாயிறு, கடை மூடியிருக்கிறது. அலமாரியைத் துழாவியதில் மஞ்சள் டப்பா கிடைத்தது, பாதி காலி. ஒரு அளவு பெரிய கேப். பெரிதாக இருந்தால் என்ன, இரண்டு விரலால் அமுக்கி மாட்டினால் நிற்கும் — எல்லோரும் செய்வதுதான். இந்த முறை கிரீஸ் தாராளமாகப் பூசினேன், வித்தியாசம் தெரியட்டும் என்று.

மூன்றாவது இழுப்பில் மேசையே குதித்தது. மூன்று அறைகள் ஒன்றாகப் போயிருந்தன. முன்னால் கிரீஸ் இருந்தும். பின்னால் இரண்டு காம்பில் கேப் இல்லை, அதிர்ச்சியில் உதிர்ந்திருக்கிறது. தீ அந்த வழியாகப் போயிருக்கிறது.

டப்பா ஏன் பாதி காலி?

நாந்தானே குடுத்தேன். டெல்பர்ட் அன்னிக்கு கேப் தீந்துபோச்சுன்னு நின்னான். நாந்தானே உள்ளங்கையில கொட்டி, "பெருசா இருந்தா அமுக்கி மாட்டு, நிக்கும்"னு சொன்னேன். பெரிய படிப்பாளி மாதிரி சொன்னேன்.

மே 12

வகுப்பில் என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

மே 24

தீவனக் கடையில் டெல்பர்ட். மூட்டையை முழங்கையால் அணைத்துத் தூக்கினான்.

"வாத்தியாரே, கணக்கு டீச்சர்கிட்ட சொல்லுங்க, நான் இனிமே எட்டரை வரைக்கும்தான் எண்ணுவேன்."

நான் சிரிக்கவில்லை. மஞ்சள் டப்பா என்றேன். மூட்டையைக் கீழே வைத்தான்.

"தெரியும். ரெண்டு கேப் இல்லாம இருந்ததை அன்னிக்கே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

"லோவலுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப கேப் லூசுன்னு சொன்னேன். யாரோ குடுத்ததுன்னும் சொன்னேன். யாருன்னு அவர் கேக்கல. 'என் வரிசை, கேப்பையும் நான்தான் பாத்திருக்கணும்'னாரு. அவ்வளவுதான்."

மூட்டையை மறுபடி அணைத்துக்கொண்டான். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

மே 25

அந்த டோனட் தின்னியை ஏழு மாதம் வெறுத்தேன். நேற்றிலிருந்து இன்னும் அதிகமாக வெறுக்கிறேன்.

ஜூன் 2

பழைய கடிதத்தை அடுப்பில் போட்டேன். புதியது ஒன்பது வரி. கிரீஸ் இருந்தது. லோவல் பார்த்தான். பெரிய கேப்பை அமுக்கி மாட்டச் சொன்னவன் பக்கத்து மேசைக்காரன், அவன் இதுவரை பேசவில்லை. ஓட்டுப் போடுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் எழுதக் கீழே வந்ததும் பேனா நின்றுவிட்டது. அரை மணி நேரம். பக்கத்து மேசையில் நின்றது யார் என்று சங்கத்தில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். பிறகு என்ன தயக்கம்? தெரியவில்லை. லோவல் கேட்காத பெயரை நானாக எழுத இந்தக் கை மறுக்கிறது.

பெயர் போடாமலே உறையை ஒட்டினேன். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போடுவேன்.